ஈரப்பதக் கழிவு

கரடிப்போக்குச் சந்தியில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
இரண்டு மாத வாடகை பாக்கி.
கம்பனியை மூடுகிறோம்.
மென்பொருளை என்ன செய்யலாம் என்று கேட்டேன்.
"ஊருக்கே விடுவம் அக்கா," என்றான் கஜவதனன்,
"மூலநிரலைத் திறந்து போட்டால்
விரும்பின ஆள் எடுத்துத் திருத்தட்டும்.
நாங்களும் நல்ல பேரோட போகலாம்."

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது,
மத்தியானம் வரை.

பதினொரு வருஷமாய்
பரந்தனில் இருந்து முழங்காவில் மட்டும்
ஒன்பது ஆலைகளின் தராசுக்குப் பின்னால் ஓடிய நிரல்.
ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று எழுதியது
பூட்டிய அறைக்குள் கழற்றி எறிந்த உடுப்பு மாதிரி.
இப்போது சனம் வரப்போகிறது,
நான் குனிந்து பொறுக்குகிறேன்.

நாற்பதாம் வரியில் கடவுச்சொல்:
என் மகன் பிறந்த திகதி.
ஆறு ஆலைகள் இன்றைக்கும் அதைத்தான் அடிக்கின்றன.

பற்றுச்சீட்டு அச்சிடும் துண்டு எங்களுடையதே இல்லை.
கொழும்பில் காசு கொடுத்து வாங்கியது,
பிறருக்குக் கொடுக்கலாகாது என்ற தாளில்
வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
அதை உருவினால் சீட்டு வராது.

"இதைத் தொடாதே. ஏன் ஓடுது எண்டு தெரியாது."
பிரதாஸ் எழுதிய குறிப்பு.
அவன் கட்டாரில்.
கேட்டேன். இப்பவும் தெரியாதாம்.

மாதிரித் தரவு என்ற கோப்பில்
மாதிரி ஒன்றும் இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு பேர், அடையாள அட்டை இலக்கத்தோடு,
பசளைக் கடன் பாக்கியோடு.
அக்கராயன், தர்மேஸ்வரி.
கணவர்: தகவல் இல்லை.

"அழிச்சிட்டன் அக்கா," என்றான் கஜவதனன்.
அழித்தது
அழித்த நேரத்தோடு
பழைய பதிப்பில் அப்படியே கிடந்தது.

பிறகு, நாலு மணி இருக்கும்,
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலாம் வரி.
கருவி என்ன ஈரம் காட்டினாலும்
மூடைக்கு ஒன்றரைக் கிலோ கழி.

ஒரு காலபோகத்தில் ஆலைக்காரர் சொன்னது:
"சும்மா ஒரு ரவுண்டிங், பிள்ளை."
அந்த மாதம் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது.
எழுதினேன்.
மாறிக்கு "இதர" என்று பெயரும் வைத்தேன்.
பிறகு மற்ற எட்டு ஆலைகளும்
அதே பதிப்பைத்தான் வாங்கின.
மொத்தம் எத்தனை மூடை என்று கேட்காதே,
எனக்குத் தெரியும்.

"இந்த ஒரு வரியை மட்டும் எடுத்திட்டு விடுவமா?"
எடுக்கலாம்.
வரலாறு முழுவதையும் வெட்டி
குளித்துப் பவுடர் போட்ட கோப்பாக விடலாம்.
பிறகு திறந்தது என்னத்தை?
விட்டுவைத்தால்
ஆலைக்காரரின் வழக்கறிஞர் வருவார்.
அவருக்கு முன்னம்
தர்மேஸ்வரியின் மகள் வருவாள்.
வவுனியாவில் கணினி படிக்கிறாள்,
போன வருஷம் மூன்று மாதம்
இதே மேசையில் பயிற்சிக்கு இருந்தவள்.
அரைப்புள்ளி ஒன்று விட்டாலும் கண்டுபிடிப்பாள்.

கரண்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
ஏழு நிமிஷம் தாங்கும்.

பெயர்களை, கடவுச்சொல்லை, கொழும்புத் துண்டை
வேரோடு எடுக்கச் சொன்னேன், எத்தனை நாள் பிடித்தாலும்.
அந்த வரிக்கு மேலே மட்டும்
ஒரு குறிப்புச் சேர்த்தேன்:
இது வழு அல்ல.

கீழே பெயர் போட விரல் வரவில்லை.
போட வேண்டியதும் இல்லை.
யார் எழுதியது என்று
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
அதுவே காட்டும்,
சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில்.