ஒலி வந்த இடம்

ஸ்காபரோவிலிருந்து தம்பி கஜரூபன் காசு தாறானாம்.
கொழும்புக்கு வா அக்கா,
உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை
ஒருதரம் ஸ்கேன் எடுத்துவிட்டால்
பிறகு பயமில்லை என்கிறான்.

பயமில்லை என்பவன்
போன மாசி முழுக்க நித்திரை கொள்ளவில்லை.
அவனுடைய படத்தில் ஈரலில் ஒரு பொட்டு.
ஊசி குத்தி எடுத்தார்கள். உள்ளே இரத்தம் கசிந்து
ஆறு நாள் ஆஸ்பத்திரியில்.
கடைசியில் அது
பிறந்த நாளிலிருந்தே கிடந்த வெறும் நரம்பு முடிச்சு.

படிவம் அனுப்பியிருக்கிறான்.
உடம்பில் உலோகம் உண்டா?
இடது இடுப்பில் இரண்டு, தோளில் ஒன்று,
எண்ணாதவை வேறு.
காந்தத்துக்குள் படுத்தால்
எழும்பி நடக்குமோ என்னவோ.

நான் அம்பகாமக் காட்டோரம்
மண்ணுக்கு ஸ்கேன் எடுக்கிறவள்.
ஒன்பது வருசமாய் முழங்காலில்.
கருவி கத்தும் இடமெல்லாம் தோண்டவேண்டும்:
செமன் ரின் மூடி, கூரை ஆணி,
பற்றறிக் கம்பி, ஒருநாள் ஒற்றைத் தோடு
(மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன்.
யாரும் கேட்டு வரவில்லை).

மண்ணைத் தோண்டினால் மூடிவிடலாம்.
மண் ஆறு நாள் படுக்காது.
தம்பிக்கு இதை எப்படி எழுதுவது?

நெடுங்கேணிச் சந்திரமதியை நினைத்தேன்.
கிளினிக்கில் ஒரு கப் சலம், கொஞ்சம் இரத்தம்,
சிறுநீரகம் சுருங்குவதை அப்போதே கண்டிருக்கலாம்.
போகவில்லை. மிளகாய்க் கன்று நடுகிற நாள்.
இப்போது கிழமைக்கு இரண்டு தரம்
வவுனியாவுக்குப் போய் இரத்தம் கழுவுகிறாள்.
அவளுக்குத் தவறிப்போனது
ஒரு காலைப் பொழுதும் பஸ் காசும்தான்.

கணக்கு முடிந்துவிட்டது என்றிருந்தேன்.

நேற்று பதினொன்றே கால்.
வழமையான கீச்சு.
ஆணி, ஆணி என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுரண்டினேன்.
பச்சைப் பிளாஸ்ரிக்கின் வட்ட முதுகு.
கையை உயர்த்தினேன். எல்லோரும் பின்வாங்கினார்கள்.
எத்தனையோ நூறு ஆணிக்குப் பிறகு ஒன்று.
அந்த ஒன்றுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரவு போனில் எழுதினேன்:
முதலில் மாங்குளத்தில் இரத்தம் சோதிக்கிறன்,
ஸ்கேனைப் பிறகு யோசிப்பம்.
அழித்தேன்.
திரும்ப அதையே எழுதினேன்.

மழைக் குளிருக்கு
இடுப்பில் அந்தப் பழைய இரும்பு
தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது,
எவரும் தேடாமலே.