பிரியோம்

சுரங்கப் பாதைக்குள், சுவரில்,
இருபத்து நான்கு துளைகள் கொண்ட சாம்பல் நிறப் பெட்டி.
அதன் பதினேழாம் துளையில் சண்டை.

நூறு மெகாபிட், முழு இருவழி, பேச்சுவார்த்தை கிடையாது
என்று எவரோ எப்போதோ பெட்டிக்குள்
எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
மறுமுனையில், காற்றாடிகளை ஆளும் பழைய கருவி
கை நீட்டிப் பார்த்தது. பதில் கை வரவில்லை.
சரி, அரைவழியிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஒதுங்கிவிட்டது.
ஒன்று கேட்டுக்கொண்டே பேசும்.
மற்றது, எதிராளி வாய் திறந்தால்
தன் வாக்கியத்தைப் பாதியில் விழுங்கும்.
இணைப்பு இருக்கிறது, விளக்கும் எரிகிறது,
புகையின் அளவு மட்டும்
கிழிந்து கிழிந்து வருகிறது.

கணவாய்க்குக் கீழே நாற்பது கிலோமீட்டர் தள்ளி,
சாலைத் துறை அலுவலகத்தில், பெகிமாய்
பிழைக் கணக்கைப் படிக்கிறாள்.
தாமத மோதல்கள்:
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
"எங்கள் வீட்டைவிடக் குறைவுதான்" என்கிறாள்,
யாரிடமும் இல்லாமல்.

ஹீட்டர் போய் இரண்டு நாள். விரல் நுனி வெட்டிய கையுறை.
பதினேழை அணை, மாற்று, மறுபடி திற.
தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஒன்று அழுந்தியது.
ஏழு அழுந்தவில்லை.
அணை.

ஒன்றாம் துளை,
அவள் உள்ளே நுழைந்த வழி.
நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டக்
கோடாலி எதற்கு?
ஓர் எண் குறைந்தால் போதும்.

திரையில் குறி துடிக்கிறது, எழுத்து எதுவும் ஒட்டவில்லை.
எண்டர். எண்டர்.
மலைமேல் மற்ற துளைகள் எல்லாம் நலம்,
அதைச் சொல்லி அனுப்பத்தான் வழியில்லை.

கைப்பேசி அங்கே எட்டாது. வயர்லெஸ் உண்டு:
அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.
பேசி முடித்ததும் ரஷ்ய வழக்கில் ஒரு சொல், பிரியோம்.
கேட்கிறேன், இனி நீ சொல் என்று பொருள்.
தமிழ்க் காதில் அது வேறொன்றாக விழுகிறது.
அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

"ஜோல்தோஷ் பாய்கே, பெட்டியின் மின்சார ஒயரைப் பிடுங்குங்கள். பிரியோம்."
"எந்தப் பெட்டி? எட்டு இருக்கிறது. பிரியோம்."
"பச்சையாய் மினுக்குவது. பிரியோம்."
"எட்டுமே பச்சைதான், பெண்ணே. பிரியோம்."
"ஒரு துளையில் மட்டும் ஆரஞ்சு. பதினேழு. பிரியோம்."
நீண்ட இரைச்சல்.
"முதலில் வாசலில் வண்டிகளை நிறுத்துகிறேன்.
குதிரை ஏற்றி வந்தவன் கத்துவான். பிரியோம்."

அப்போதுதான் நினைவு வருகிறது:
சேமிக்கவில்லை.
கருத்தான ஆட்கள் மறக்கவே மறக்காத அந்தக் கட்டளையை
அவள் இன்னும் அடிக்கவில்லை.
நல்லவேளை.
மின்சாரம் போய் வந்தால் பெட்டி
இன்றைக்கு நடந்தது எதையும் அறியாமல்
நேற்றைய புத்தியோடு கண் விழிக்கும்.

பிடுங்கினார். பத்து எண்ணினார்,
பொத்தானை அழுத்தியபடியே: பிர், எகி, உச், தோர்த்...
நிதானமாக, பனியில் நடப்பதுபோல.
சீக்கிரம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.
வழி முழுக்க அவர் கையில்.

நான்கு நிமிடம் கழித்து எழுத்துகள் ஒட்டின.
இம்முறை ஒன்றை அடித்தாள், பார்த்தாள்.
ஏழை அடித்தாள், பார்த்தாள்.
வேகம்: தானாக.
இருவழி: தானாக.
இரண்டு முனையும் கை நீட்டின,
தங்களால் முடிந்ததைச் சொல்லின,
ஒத்துப்போயின.
மோதல் பூஜ்யம்.
மறுபடி பார்த்தாள், பூஜ்யம்.
சேமித்தாள்.

புகையின் அளவு முழுசாக வருகிறது,
வருவதும் இறங்கிக்கொண்டே வருகிறது.
வண்டிகளை விடலாம் என்று சொல்ல வேண்டும்.

ஜோல்தோஷ் பொத்தானிலிருந்து விரலை எடுக்க
மறந்துவிட்டார் போலிருக்கிறது.
காற்றாடியின் உறுமல், அவருடைய இருமல்,
எவனோ திட்டுகிறான்,
டிரெய்லர்க் கதவை ஒரு குதிரை உதைக்கிறது,
அதட்டும் குரல், மறுபடி உதை.
பெகிமாய் ஆறிய தேநீரைக் கையில் எடுக்கிறாள்.