பத்தால் வகு

இலவசம் என்று போட்டிருந்தது.
அதனால்தான் எடுத்தேன்.
நகல் எந்திரத்துக்கு மை கேட்டு
மார்ச்சில் போட்ட கடிதத்துக்கு
புவேர்த்தோ மோன்ட் இன்னும் வாய் திறக்கவில்லை.

சிலியின் தெற்கு. சிலோயேவைத் தாண்டி
வாரத்தில் மூன்று நாள் படகு தொடும் தீவு.
என் வகுப்பில் ஒன்பது பேர்,
ஒன்பது பால்மாவு டப்பாக்கள்.
வீட்டு வாசலில் வைத்து
விடிந்ததும் அளவுகோலை உள்ளே விட்டு
பெய்த மழையை மில்லிமீட்டரில்
பகிர்வு அட்டவணையில் ஏற்ற வேண்டும்.
பாடம்: சராசரி.
மழைக்கு இங்கே பஞ்சமில்லை.

கணக்குத் தொடங்க வேண்டாம், இணைப்பு இருந்தால் போதும்.
பெயர் சொல்லாமல் நுழைபவருக்கு
செயலியே ஒரு விலங்கின் பெயர் சூட்டிவிடும்.
எலிசேயோ ஒட்டகமானான்.
நயாரெத் எறும்புதின்னி, அரைமணி நேரம் அழுதாள்.
முதல் நாள்
ஒருவர் எண்ணை ஒருவர் அழித்து
முப்பது முந்நூறாகி
யாரோ பத்தி முழுக்கத் தவளை ஒட்டி,
நான் கத்தினேன்.
திரைக்கா கேட்கும்?

ஜூன் நடுவில்
பத்தாவதாக ஒரு பத்தி முளைத்திருந்தது.
தலைப்பில்லை.
41. 38. 52.
ஏற்றிய நேரம் அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ஏற்றியது: பெயரற்ற நீர்நாய்.

யார் இது என்றேன்.
ஒன்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள்.
கூரையில் ஒன்றுமில்லை, ஒழுகலைத் தவிர.

ஆய்வுக்கு வந்த திருமதி ஓயார்சுன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்
என்று விட்டிருக்கிறீர்களே, பூட்ட மாட்டீர்களா?'
அவர் சொன்னது சரி.
அன்றிரவே பூட்டலாம் என்று திறந்தேன்.
மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மூலையில் நீர்நாய்.
பச்சைக் கோடு ஒன்று கட்டத்துக்குள் துடித்தது.
47 என்று எழுதியது.
நின்றது.
அழித்து, 46.

அந்த ஒரு மில்லிமீட்டரில் எனக்குத் தெரிந்துவிட்டது.
யெர்கோ.
அளவுகோலின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி
இன்னொரு தரம் பார்க்காமல்
எதையும் எழுதாதவன்.
இரண்டு முறை தேறாமல், ஏப்ரலில் பதினெட்டு முடிந்து
சால்மன் கூண்டுகளுக்கு இரவுக் காவல் போனவன்.
அவன் நாற்காலியில் இப்போது விறகு அடுக்குகிறோம்.

பக்கத்துக் கட்டத்தில் தட்டினேன்:
எதில் அளக்கிறாய்?
வெகு நேரம் ஒன்றுமில்லை.
கடல் நடுவே சிக்னலுக்காக
எந்தத் தூணில் ஏறி நிற்கிறானோ.
பிறகு வந்தது:
'தீவன வாளி. வாய் அகலம், அடி குறுகல்.
அதற்குக் கணக்குப் போட்டுக் கழித்திருக்கிறேன்.
அலை தெறித்த நாட்களை எழுதவில்லை.'

பூட்டவில்லை.
அறிக்கையில் எழுதிக்கொள்ளட்டும்.

மறுநாள் மியாராய் எழுந்தாள்:
'டீச்சர், சராசரி தப்பு.
பத்துப் பத்தியைக் கூட்டி
ஒன்பதால் வகுத்திருக்கிறீர்கள்.'
இரண்டு வாரமாக அப்படித்தான்.
தீவில் பெய்யாத மழையெல்லாம்
என் சூத்திரத்தில் பெய்துகொண்டிருந்தது.
நான் சுண்ணக்கட்டியை வைப்பதற்குள்
யாரோ திருத்திவிட்டார்கள்.
வரலாற்றில் பார்த்தேன்:
பெயரற்ற எறும்புதின்னி.
நயாரெத் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்,
காது மட்டும் சிவந்து.

இலவசக் காலம் முடிய ஏழு நாள் என்கிறது செயலி.
பள்ளி என்றால் நீட்டிப்பார்களாம்,
மாணவர் எண்ணிக்கை கேட்கிறது.
படிவம் பாதியில் நிற்கிறது.

இன்று காலை அவன் கட்டத்தில் எண் இல்லை.
பக்கத்தில் ஒரு வரி:
'வாளியைக் காற்று கொண்டுபோயிற்று.
நாளை வேறு.'

எலிசேயோ அதில் பூஜ்யம் போடப் போனான்.
கையைப் பிடித்தேன்.
வேண்டாம், பூஜ்யம் என்றால் மழை இல்லை.
இது மழை. அளக்க முடியாத மழை.
கட்டத்தைக் காலியாக விடு.
இன்றைக்கு இதுதான் பாடம்,
நோட்டை எடுங்கள்.