பூஜ்யம் புள்ளி நான்கு

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கார்.
மதுரையிலிருந்து கொண்டுவந்த பையன் பெயர் கார்வண்ணன்.
பெயருக்கேற்ற வேலைதான் என்றேன்.
ஆயிரமாவது முறை கேட்பவன்போலச் சிரித்தான்.

இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே தாழ்ந்த முதுகு.
மண்டபத்தில் என் ஐஸ் கம்பெனி வாசலில்
கட்டி உருகி ஓடிய தண்ணீரில்
வயிறு நனையாமல் நின்றதே அதிசயம்.

முதல் ஞாயிறு, இரட்டை கிளட்ச்.
"இடது காலுக்கு வேலையே இல்லை மேடம்.
ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச்,
இரட்டைப்படைக்கு இன்னொன்று.
நீங்கள் மூன்றில் போகும்போதே
நான்கு தயாராகக் காத்திருக்கும்.
நூறைத் தொடுவதில்
பூஜ்யம் புள்ளி நான்கு நொடி மிச்சம்."

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது?
புயல் கூண்டு ஏற்றினால்
மூன்று நாள் படகு இறங்காது;
மூன்று நாளும் வாங்க ஆளில்லாமல்
கட்டி கட்டியாக ஐஸ் விளையும் ஊரில்?

இருப்பதே இரண்டு சீட்டு.
மற்றதில் ஹிதாயா, என் பங்குதாரர்,
கம்பெனிக் கணக்கு அவளிடம்.
நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால்
முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும்
சாலை நேர்கோடு.
மிதித்தேன்.
கியர் மாறியது எனக்குத் தெரியவே இல்லை,
ராத்திரியில் பால் தயிராவதுபோல.
"நீ எதுக்கு உள்ள இருக்க?" என்றாள் ஹிதாயா.

மணல் படர்ந்து தார் மறைந்த இடத்தில்
ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது.
மேலே போவேன் என்று
அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது,
நானோ கீழே கேட்டேன்.
அரை மூச்சு தடுமாறியது.
பிறகு கொடுத்தது.
அந்த அரை மூச்சில்தான் அதை எனக்குப் பிடித்தது,
பேர் மறந்துபோய் முழிக்கிற ஆளைப் பிடிப்பதுபோல.
ஆடு அவசரப்படாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு, கையால் போடும் கியர்.
பத்தொன்பது வயதில் மீன் வண்டி ஓட்டியவள் நான்,
ராத்திரி ரெண்டு மணிக்கு, ராமநாதபுரம் வரைக்கும்.
அந்த லாரியில் மூன்றாவது கியர் கெஞ்சினால்தான் விழும்;
மழையில் கெஞ்சினாலும் விழாது.
இதில் விரல் நுனி போதும்,
சின்ன 'ணங்'.
உள்ளங்கைக்குள் ஒரு பல் உட்கார்ந்தது.

பெருமை ஏழு கிலோமீட்டர் தாங்கியது.
ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்க வேண்டியவள்
இரண்டில் சொருகப் பார்த்தேன்.
கறக்.
"கியர்பாக்ஸுக்கு யாசீன் ஓதிடவா?"
கார் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும்
அவள் சிரிப்பு நிற்கவில்லை.
எனக்குக் காது சுட்டது.

அரிச்சல்முனையில் இறங்கினோம்.
அங்கே கூடும் இரண்டு கடலும்
உவமையாகித் தானாகவே வந்து
காலடியில் படுத்துக்கொண்டன.
தாண்டி நடந்தோம்.
பொரித்த ஊளி என்ன விலை என்று கேட்டோம்.
விலை கேட்டுத் திரும்பி வந்தோம்.

திங்கட்கிழமை படிவம் வந்தது.
கியர் என்ற கட்டத்தில் பேனா ஊன்றி நின்றேன்.
"காரணம் சொல்லு, கணக்குல எழுதணும்."
அண்ணன் மகன் ரொவினுக்கு
ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டத் தெரியும்,
இதை இரவல் கேட்க மாட்டான் என்றேன்.
அது பொய் இல்லை.
மீதியை அவள் சொல்வாள் என்று பார்த்தேன்.
அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அன்றைக்கு மட்டும்
என் வாக்கியத்தின் முடிவு அவளிடமும் இல்லை.

கார் வந்து பன்னிரண்டாம் நாள்.
பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல்.
ரயில் வருகிறதென்று
வேன்களை நடுவிலேயே நிறுத்திவிட்டு
கைப்பிடிச் சுவரில் தொங்குகிறது பாதி ஊர்.
ஒரு சக்கரம் நகர்வது, நிற்பது.
கிளட்சை அரைகுறையாக மிதித்து வைக்காதீங்க
என்று கார்வண்ணன் படித்துப் படித்துச் சொன்னான்.
முழங்கால் பாயிலர்போல அதிர்கிறது.

ஒட்டி நின்ற பஸ்ஸிலிருந்து
கண்டக்டர் தலையை நீட்டினார்.
"இவ்வளவு காசு குடுத்து வாங்கியிருக்கீங்க,
ஆட்டோமேட்டிக் இல்லையாக்கா?"

இல்லை என்றேன்,
காலை எடுக்காமல்.