ஒன்பதாவது துளி

முன்கையில் பேனாவால் கோடு போட்டு
பன்னிரண்டு துளி வைத்துக் கீறினார்கள்.
வேம்பு சும்மா இருந்தது.
புங்கனும்.
ஊரே திட்டும் சீமைக்கருவேலங்கூட
என்னை ஒன்றும் செய்யவில்லை.
ஒன்பதாவது மட்டும் தடித்து
கால்ரூபாய் அகலம் வந்தது.
"தென்னைங்க" என்றார் டாக்டர் ரெஜினா.

சிரித்துவிட்டேன்.
ஆனைமலை ரோட்டில் நின்றுகொண்டு
தென்னையில்லாத பக்கம் பார் என்றால்
எந்தப் பக்கம் திரும்ப?

வேலையைக் கேட்டார்.
குட்டை மரத்தில் ஏணி சாத்தி
வெடித்த பாளையில் ஆண்பூவை உருவிப்போட்டுப்
பை கட்டி,
நெட்டை மரத்துத் தூளை டால்க்கில் கலந்து
பெண்பூவுக்கு ஊதுவது. பதினாறு வருசம்.
"வேலைய விட்டா பாதி சரியாயிருமுங்க."
நான் பதில் சொல்லவில்லை.
அவரும் மறுபடி சொல்லவில்லை.

மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று.
மக்யா நாள் பத்து மணிவரை
இமைமேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.
போன ஆவணியில் ஏணியின் ஏழாம் படியில்
ஒரு கணம் தூங்கியிருக்கிறேன்.
கீழே பிடித்திருந்த பூவாத்தாள்
"ஏனக்கா, பை கட்டியாச்சா?" என்று கேட்டதால்
இருக்கிறேன்.
தூக்கம் வராத மாத்திரையும் உண்டு,
அதில் தும்மல் குறைந்தது, கண் குறையவில்லை.
மூக்கில் அடிக்கும் மருந்து நல்லதுதான்,
அடிக்கிறவரை.

ஊசி: வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, மூன்று வருசம்.
போட்டபின் அரைமணி அங்கேயே உட்காரணும்,
மூச்சு இழுக்கிறதா பார்க்க.
உள்ளே என்ன என்றேன்.
அதே தூள்தானாம், கொஞ்சூண்டு.
திருடனென்று உங்க உடம்பு தொரத்துது,
ஒரம்பரைன்னு பழக்கணும்.
"பலிக்குமா?"
"நெறையப் பேருக்கு. எல்லாருக்கும் இல்லீங்."

வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்:
பஸ், அரைநாள் கூலி, மருந்து.
"மூணு வருசங் கழிச்சும் தும்முனா?"
நியாயமான கேள்வி.
இரண்டு மாசம் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமைத் தும்மல்.
பதினோரு மரத்துத் தூள்
சலித்துக் காகிதத்தில் பரப்பியிருந்தது.
ஒரே தும்மல். அறையெல்லாம் மஞ்சள்.
சுவரில், காலண்டரில், பூவாத்தாள் கொண்டையில்.
அவள் சிரித்தாள். நானும்.
பிறகு வந்தது தும்மலா அழுகையா தெரியவில்லை.

சனிக்கிழமை, பெஞ்சில்,
கை லேசாகத் தடிக்கிறது.
இந்த மாசம் நான் ஊதிய பூ
காயாகி, விழுந்து, முளைத்து
யார் தோட்டத்திலோ நாலு ஓலை விட்டிருக்கும்
என் கடைசி ஊசியின்போது.
அது பாளை விட இன்னும் நாளாகும்.
அதற்குள் என்றுதான்...
நர்ஸ் கடிகாரம் பார்க்கிறாள்.
இன்னும் பதினெட்டு நிமிசம்.