எண்ணிக்கை

கூரைமேல் ஒரு டப்பா சுழலும்.
வாரத்துக்கு ஒரு சுற்று.
உள்ளே பசை தடவிய நாடாவில்
குவோப்பியோ நகரத்தின் மூச்சு ஒட்டிக்கொள்ளும்.
அதை வெட்டி, இளஞ்சிவப்புச் சாயம் விட்டு,
நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது என் வேலை.
முப்பத்தொரு மே மாதங்கள்.

ஆல்டர், ஹேசல், அப்புறம் பிர்ச்:
மூன்று வாசல் வைத்த உருண்டை வீடு,
ஆள் இருக்கிற அரவமே இருக்காது.
ஆயிரத்தைத் தாண்டினால் வானொலியில் சொல்வேன்,
சொல்லும்போதே தும்முவேன்.
பிர்ச் எனக்கு ஆகாது.
எதிரிப் படையில் தலை எண்ணுகிறவள் என்று
அலுவலகத்தில் பழைய கேலி.
அழுகை இல்லாமலே கண்ணைக் கசக்கி
எல்லா வசந்தத்தையும் சிவப்பாகக் கழித்தேன்.

இந்த மே மாதம் கணக்கு குறைந்தது.
மரங்கள் ஓய்ந்துவிட்டன என்று நினைத்தேன்.
அதே நாடாவை எஸ்கோ எண்ணினான்: நூற்றுப் பன்னிரண்டு.
எனக்கு எண்பத்தேழு.

டாக்டர் நியெமெலா கட்டம் போட்ட அட்டையை நீட்டினார்.
நடுக்கோடுகள் மட்டும்
வெந்நீர் பட்ட பிளாஸ்டிக் போல நெளிந்தன.
விழித்திரையின் நடுவில் பழுது,
வயதானால் வருவது, ஊசி போடலாம்.
படிவத்தில் அடுத்த கேள்வி: ஒவ்வாமை?
பிர்ச், என்றேன்.
விசைப்பலகை மேல் அவர் விரல் நின்றது.
இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவதாகச்
சிலர் எழுதியிருக்கிறார்களாம்.
ஒன்று மற்றதைக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததா,
ஒரே பேருந்தில் ஏறிய அந்நியர்களா,
உறுதியில்லை.

அந்த 'உறுதியில்லை' எனக்குப் பிடித்திருந்தது.
என் அறிக்கைகளின் அடியிலும்
சின்ன எழுத்தில் அதுதான் இருக்கும்.

ஏரிக்கரை வழியே வீட்டுக்கு நடந்தேன்.
தண்ணீரின் விளிம்பில் மஞ்சள் படலம்.
ஒரு மரத்தை உற்றுப் பார்த்தேன்.
மரம் இருந்த இடத்தில் சாம்பல் கறை.
முகத்தைத் திருப்பிக்கொண்டதும்
ஓரத்தில் வந்து நின்றது,
தொங்கும் பூச்சரங்களோடு,
ஒன்றும் தெரியாத மாதிரி.

கடைக்கண் பார்வை காதலுக்குரியது என்பார்கள்.
அறுபத்து நாலு வயதில்
எனக்கு ஆகாத மரத்தை
அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
மூக்கு ஒழுகுகிறது,
சைக்கிளில் போகிற பையன் திரும்பிப் பார்க்கிறான்.

மறுநாள் நுண்ணோக்கியில்
தூளைப் பார்க்காமல்
அதற்குச் சற்று இடப்பக்கம் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு.
எஸ்கோவிடம் இன்னும் கேட்கவில்லை.