நூற்றைம்பது

மழையளக்கும் குப்பி ஒன்றை
கண்டியிலிருந்து வந்தவர்கள்
என் காம்பரா ஓரத்தில் நட்டுவிட்டுப் போனார்கள்.
நூற்றைம்பதைத் தொட்டால் எழுப்பு என்றார்கள்,
எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு நடத்து.
ஒரு கொப்பி தந்தார்கள். ஒரு டோர்ச்.
பெட்டரி நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்திய மாதம்
வேறு ஆட்கள் வந்தார்கள், உதவிப் பணத்துக்குப் பெயர் பதிய.
ஃபிரிஜ் இருக்கிறதா?
இருக்கிறது. உள்ளே உப்பு, தீப்பெட்டி,
ஈரம் படாமல் பிள்ளையின் கொப்பிகள்.
அது வேலை செய்து நாலு வருசம் என்றேன்.
இருக்கிறதென்று அமத்தினான் பொடியன்.
பட்டியலில் என் பெயர் வரவில்லை.
மேன்முறையீட்டுக்கு விலாசம் கேட்டார்கள்.
எட்டாம் லயத்துக்கு எங்கே விலாசம்?

ஐப்பசி. மூன்று நாளாய் விடாத மழை.
இஸ்தோப்பின் வெடிப்பில்
சுண்டுவிரல் நுழைந்தது, பிறகு பெருவிரல்.
பீலித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
ராத்திரி ஒன்றரைக்கு, குப்பியில் நூற்று நாற்பத்தாறு.
கிராம சேவகருக்கு அழைத்தேன்.
நூற்றைம்பது வரட்டும் நங்கி,
அதற்கு முன்னால் போனால்
சோற்றுப் பார்சலுக்கு எழுத ஏலாது.
அவர் குரலிலும் தூக்கமில்லை.

நாலு மில்லிமீட்டர்.
மேலே, கவ்வாத்து வெட்டிய மலை
இருட்டில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

செம்பை எடுத்தேன்.
பிள்ளையின் தடிமனுக்கு அவித்த
கொத்தமல்லித் தண்ணி, ஆறிப்போனது.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சொட்டுச் சொட்டாய் ஊற்றினேன்.
கொழுந்து நிறுக்கையில்
ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ கழிப்பார்களே,
அதே கைச்சுத்தத்தோடு.

நூற்றைம்பது. கொப்பியில் எழுதினேன், நேரத்தோடு.
கதவு கதவாய்த் தட்டினேன்.
இருபத்திரண்டு காம்பரா.
சந்தனமேரிக்கு நிறைமாசம், கதிரையோடு தூக்கினோம்.
பச்சைமுத்து மாமா
மாட்டை அவிழ்க்காமல் நகரமாட்டேன் என்றார்.
மாடும் வந்தது.

விடிந்தது. மலை விழவில்லை.
பார்சல் வந்தது, பருப்பும் நெத்தலியும்.
அன்றைய பேர் எல்லாருக்கும் போயிற்று.
பீலிக்கரையில் என்னை ஏசாத வாய் இல்லை.

பத்து மணிக்குக் கிராம சேவகர் வந்தார்,
குப்பியைச் சரிபார்க்க.
தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.
இஸ்தோப்பில் குந்தி
வெடிப்புக்குள் பேனையை விட்டார்,
மூடிவரை போயிற்று.
பிறகு ஒன்றும் பேசாமல்
குப்பியைக் கானில் கவிழ்த்து, ரெண்டு தரம் அலசி
என் கையில் தந்தார்.

மழை மறுபடி தொடங்கியிருந்தது.
பூச்சியத்திலிருந்து.